குடுவைக்குள் போவதும் வெளியே கொட்டுவதும்: கரிமத் தொகுப்பில் எது பசுமை?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். ஆய்வகத்துக்குப் போனால் அதே டி.சி.எம். (டைகுளோரோமீத்தேன்), அதே ஹெக்சேன், அதே சிலிக்கா காலம் (கலவையைப் பிரிக்கும் சிலிக்கா நிரப்பிய குழாய்). இன்னொரு பக்கம் மைக்ரோவேவ், அயனித் திரவம், தண்ணீரில் வினை என்று எல்லாக் கட்டுரைகளும் தங்களைப் பசுமை என்கின்றன. இவற்றில் எது உண்மையிலேயே சூழலுக்கு நல்லது? என் ப்ராஜெக்டில் நான் என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆய்வகத்தில் கிராம் கணக்கில் வந்த வினையை ரியாக்டரில் நூறு கிலோ கணக்குக்குக் கொண்டுபோவதுதான் மருந்து மூலப்பொருள் துறையில் பல வருடம் என் வேலை. அங்கே ஒரு புது முறையைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்கும் கேள்வி: ஒரு கிலோ பொருள் எடுக்க மொத்தம் எத்தனை கிலோ சரக்கு உள்ளே போகிறது, மிச்சம் எங்கே போகிறது? உங்களுக்கும் அதையே சொல்வேன். முதலில் எடை போடுங்கள். பிறகு அந்த எடையில் எது விஷம், எது எரியும், எது ஆற்றில் போய்ச் சேரும் என்று பாருங்கள். இந்த இரண்டையும் செய்தால், பசுமை என்று பெயர் வாங்கிய சில முறைகள் கீழே இறங்கிவிடும். யாரும் பெரிதாகப் பேசாத சில முறைகள் மேலே வரும்.

உங்கள் மேசையிலேயே தொடங்குவோம். ஒரு கிராம் பொருள் கிடைக்கும் சாதாரண வினை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மி.லி. டி.சி.எம்.மில் வினை நடக்கிறது. தண்ணீர் விட்டு 30 மி.லி. வீதம் மூன்று முறை டி.சி.எம்.மில் பிரித்தெடுக்கிறீர்கள். 10 கிராம் சோடியம் சல்பேட் போட்டு உலர்த்துகிறீர்கள். 40 கிராம் சிலிக்காவில் காலம் போட்டு, 400 மி.லி. ஹெக்சேனும் 100 மி.லி. எத்தில் அசிட்டேட்டும் ஓட்டுகிறீர்கள். அடர்த்தியைப் பெருக்கிக் கூட்டினால் 550 கிராம் வரும். கழுவிய தண்ணீரை இதில் சேர்க்கவே இல்லை. அந்த 550 கிராமில் வினை நடந்த கரைப்பானின் பங்கு வெறும் 27 கிராம். மீதி அனைத்தும் வினை முடிந்த பிறகு, பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்யப் போனது. ஆய்வேட்டில் இந்த வினையின் விளைச்சல் 92 சதவீதம் என்று எழுதுவோம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த எண்ணுக்குள் அரைக் கிலோ கழிவு எங்கேயும் தெரியாது.

இந்தக் கணக்கை ஒரு துறையின் அளவுகோலாக ஆக்கியவர் டச்சு நாட்டில் பணியாற்றிய ரோஜர் ஷெல்டன். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதை ஈ-காரணி என்று பெயரிட்டு, 1992-ல் துறைவாரியாக அட்டவணை போட்டார். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் அது 0.1 அளவில் நிற்கிறது. மொத்த இரசாயனங்களில் 1 முதல் 5. நுண் இரசாயனங்களில் 5 முதல் 50. மருந்துகளில் 25 முதல் 100, சில சமயம் அதற்கும் மேல். புகை கக்கும் எண்ணெய் ஆலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரியும். ஆனால் காரணம் எளிது. மருந்து மூலக்கூறு பல படிகளில் கட்டப்படுகிறது. படிக்குப் படி கரைப்பான் மாறுகிறது. தூய்மையில் சமரசம் செய்ய முடியாது. கிலோ விலை அதிகம் என்பதால் வீணாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்று தொழிற்சாலைகளில் ஈ-காரணியின் உடன்பிறப்பான பி.எம்.ஐ.யைத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். ஒரு கிலோ பொருளுக்கு உள்ளே போன எல்லாவற்றின் எடையும், தண்ணீர் உட்பட, அதில் அடங்கும்.

ஈ-காரணிக்கு ஓராண்டு முன்பே, 1991-ல், ஸ்டான்ஃபோர்டின் பாரி ட்ராஸ்ட் அணுச் சிக்கனம் என்ற கருத்தை முன்வைத்தார். உள்ளே போகும் அணுக்களில் எத்தனை பங்கு பொருளில் போய் உட்காருகிறது என்ற கேள்வி அது. விட்டிக் வினையைப் போட்டுப் பாருங்கள். சைக்ளோஹெக்சனோனின் மூலக்கூறு எடை 98, அதோடு சேரும் இலைடின் எடை 276. கிடைக்கும் மெத்திலீன் சைக்ளோஹெக்சேனின் எடை 96. நூறு சதவீத விளைச்சல் வந்தாலும் அணுச் சிக்கனம் 26 சதவீதத்தைத் தாண்டாது. மிச்சமெல்லாம் டிரைஃபீனைல்ஃபாஸ்பீன் ஆக்சைடு. அதைக் காலத்தில் பிரித்து எடுக்கப் பட்ட பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாறாக டீல்ஸ்-ஆல்டர் போன்ற சேர்க்கை வினையில் இரண்டு மூலக்கூறும் முழுதாகப் பொருளுக்குள் போய்விடும். ஆனால் அணுச் சிக்கனம் கரைப்பானைப் பார்ப்பதில்லை, விஷத்தைப் பார்ப்பதில்லை, விளைச்சலைக்கூடப் பார்ப்பதில்லை. தாளில் வழியைத் திட்டமிடும்போது பயன்படும் அளவுகோல் அது. அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றக் கூடாது.

பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-ல் தொகுத்த 12 கோட்பாடுகளை நீங்கள் மனப்பாடம் செய்வதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடங்களில்தான் உண்மையான வேதியியல் இருக்கிறது. அதற்கு இபுப்ரோஃபெனைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனம் 1960-களில் கண்டுபிடித்த மருந்து அது. ஐசோபியூட்டைல்பென்சீனில் தொடங்கி ஆறு படிகள். முதலில் ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸ் முறையில் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்தார்கள். பிறகு டார்சன்ஸ் வினை. அதிலிருந்து ஆல்டிஹைடு, ஆக்சைம், நைட்ரைல் என்று நடந்து, கடைசியில் நீராற்பகுத்து அமிலம் எடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்றைச் சேர்த்து, அடுத்த படியில் அதில் பாதியைக் கழற்றி எறிந்த வழி அது. உள்ளே போன அணுக்களில் 40 சதவீதம்தான் மாத்திரைக்குள் போய்ச் சேர்ந்தது. முதல் படியில் போட்ட அலுமினியம் குளோரைடோ வினையூக்கி என்று பெயர் வாங்கியதே தவிர, உண்மையில் மோலுக்கு மோல் தேவைப்பட்டது. விளைபொருளான கீட்டோனே அதைப் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் ஊற்றி உடைத்துத்தான் பொருளை எடுக்க முடியும். அலுமினியம் முழுவதும் கழிவுச் சேறாகப் போகும்.

பி.எச்.சி. என்ற கூட்டு நிறுவனம் இதை மூன்று படியாக்கியது. டெக்சஸ் மாநிலத்தின் பிஷப் ஊரில் 1992-ல் ஆலை ஓடத் தொடங்கியது. அசிட்டிக் அன்ஹைட்ரைடைச் சேர்ப்பது முதல் படி. ரானே நிக்கலில் ஹைட்ரஜனைச் சேர்ப்பது இரண்டாவது. பல்லேடியம் துணையோடு கார்பன் மோனாக்சைடை நுழைப்பது மூன்றாவது. மூலக்கூறு எடைகளைக் கூட்டிப் பாருங்கள்: ஐசோபியூட்டைல்பென்சீன் 134, அன்ஹைட்ரைடு 102, ஹைட்ரஜன் 2, கார்பன் மோனாக்சைடு 28, மொத்தம் 266. பொருளின் எடை 206. அதாவது 77 சதவீதம். வெளியே போகும் ஒரே துணைப்பொருள் அசிட்டிக் அமிலம். அதையும் மீட்டு வேறு வேலைக்கு அனுப்பினால் 99 சதவீதத்தை எட்டும். 1997-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது இந்த முறைக்குக் கிடைத்தது.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். முதல் படிக்கு வினையூக்கியும் கரைப்பானுமாக இருப்பது நீரற்ற ஹைட்ரஜன் ஃப்ளோரைடு. தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும் பொருள். ஆவியை மூச்சில் இழுத்தால் உயிருக்கே ஆபத்து. கூடவே கார்பன் மோனாக்சைடு. கழிவைக் குறைக்க ஆபத்தை ஆலைக்குள் கொண்டுவந்த வழி இது. ஹைட்ரஜன் ஃப்ளோரைடை ஏறத்தாழ முழுவதுமாக மீட்டுச் சுழற்சியில் விடுகிறார்கள், அதனால் கழிவுக் கணக்கில் அது தெரிவதில்லை. கசிவைக் கண்டறிவதும் அவசரத் தயாரிப்பும் உச்ச தரத்தில் இருக்கும் ஆலையில் இதை நான் ஏற்பேன். அந்த ஒழுங்கு இல்லாத ஒரு தொழிற்பேட்டையில் இதே முறையை அமைப்பதை நான் எதிர்ப்பேன். ஒரு முறை பசுமையா என்ற கேள்விக்கு எங்கே, எந்த அளவில், யார் கையில் என்பதும் விடையின் பகுதி.

இனி கரைப்பானுக்கு வருகிறேன், ஏனென்றால் எடையில் பெரும் பங்கு அங்கேதான் கிடக்கிறது. மருந்துத் தயாரிப்பில் உள்ளே போகும் சரக்கில் கரைப்பானும் தண்ணீரும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல். ஃபைசரின் செர்ட்ராலின் கதையை நான் இளம் வேதியியலாளர்களுக்கு அடிக்கடி சொல்வேன். அந்த மனச்சோர்வு மருந்தின் பழைய வழியில் ஒரு கீட்டோனும் மீத்தைலமீனும் சேர்ந்து இமைன் ஆக வேண்டும். அப்போது உருவாகும் தண்ணீரை அகற்றினால்தான் சமநிலை வலப்பக்கம் நகரும். அதற்கு டைட்டானியம் டெட்ராகுளோரைடு போட்டார்கள். ஆண்டுக்கு 140 டன் போனது. பிறகு யாரோ எத்தனாலில் செய்து பார்த்தார்கள். அந்த இமைன் எத்தனாலில் சரியாகக் கரையாது, உருவாக உருவாகப் படிகமாக வெளியே விழுந்துவிடும். கரைசலில் இல்லாத பொருள் திரும்பிப் போக முடியாதல்லவா? சமநிலை தானாகவே நகர்ந்தது, டைட்டானியமே தேவைப்படவில்லை. முன்பு டி.சி.எம்., டி.எச்.எஃப்., டொலுவீன், ஹெக்சேன் என்று நான்கு கரைப்பான். பிறகு அடுத்தடுத்த மூன்று படிகளும் எத்தனால் ஒன்றிலேயே ஓடின. ஒரு டன் மருந்துக்கான கரைப்பான் ஏறத்தாழ 2,27,000 லிட்டரிலிருந்து 22,700 லிட்டருக்கு இறங்கியது. 2002-ல் இதற்கும் அதே விருது கிடைத்தது. டைட்டானியத்தை விரட்ட இதில் புது வினையூக்கியோ புது இயந்திரமோ தேவைப்படவில்லை. கரைதிறனைக் கவனித்த ஒருவரின் கண்தான் இருந்தது. அதனால்தான் இந்த உதாரணம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடிக்கும்.

சில்டெனாஃபிலிலும் இதுவே நடந்தது. 1990-ல் ஆய்வகத்தில் முதலில் செய்தபோது ஒரு கிலோவுக்கு 1,300 லிட்டர் கரைப்பான். 1997-ல் வணிக உற்பத்தியில் 22 லிட்டர். மீட்பையும் சேர்த்த பிறகு 7 லிட்டர். கண்டுபிடிப்பு நிலையில் இருக்கும் முறை எவ்வளவு ஊளைச்சதையோடு இருக்கும் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. எதிர்ப்பக்கம் பெப்டைடு மருந்துகள். பிசினில் கட்டி அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும் முறையில், ஒவ்வொரு கோவைக்கும் பல முறை டி.எம்.எஃப். (டைமீத்தைல்ஃபார்மமைடு) என்ற கரைப்பானில் கழுவ வேண்டும். ஒரு கிலோ பெப்டைடுக்கு உள்ளே போகும் சரக்கு பத்தாயிரம் கிலோவைத் தாண்டுவது அங்கே வழக்கம். உடல் எடை குறைக்கும் பெப்டைடு ஊசிகளுக்கு உலகமே வரிசையில் நிற்கும் இந்த நேரத்தில், கரிமத் தொகுப்பில் அவசரமாகத் தீர்க்க வேண்டிய சிக்கல் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

எந்தக் கரைப்பானை எதனால் மாற்றலாம் என்பதற்குப் பெரிய மருந்து நிறுவனங்களே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வழிகாட்டி அட்டவணைகள் வெளியிட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் மேசைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். என்-ஹெக்சேன் உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி நரம்புகளைச் சிதைக்கும். ஹெப்டேன் அப்படி மாறுவதில்லை. கொதிநிலை 98 டிகிரி என்பதால், கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் ரோட்டாவாப்பில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். டை எத்தில் ஈதருக்குப் பதில் சைக்ளோபென்டைல் மீத்தைல் ஈதர் நல்லது, பெராக்சைடு எளிதில் சேராது. டி.எச்.எஃப். இடத்தில் 2-மீத்தைல் டி.எச்.எஃப். வையுங்கள். சோளக் கதிர்த்தண்டு, கரும்புச் சக்கை போன்றவற்றிலிருந்து கிடைக்கும் ஃபர்ஃபியூரலில் இருந்து அது வருகிறது. அதைவிட முக்கியம், அது தண்ணீரோடு கலக்காமல் மேலே தனியாகப் பிரியும். வினையையும் பிரித்தெடுப்பையும் ஒரே கரைப்பானில் முடித்துவிடலாம். முனைவுத்தன்மை அதிகமுள்ள பொருளுக்குக் காலத்தில் டி.சி.எம்.-மெத்தனால் ஓட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, எத்தில் அசிட்டேட்டும் எத்தனாலும் மூன்றுக்கு ஒன்று கலந்து, அதை ஹெப்டேனோடு ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான அமைன்கள், அமைடுகளுக்கு அது போதும். சட்டமும் இந்தத் திசையிலேயே போகிறது. டி.எம்.எஃப்.புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் முதல் கடும் கட்டுப்பாடு, டி.சி.எம்.மின் பெரும்பாலான பயன்பாடுகளுக்கு அமெரிக்கா 2024-ல் தடை விதித்தது.

நீங்கள் குறிப்பிட்ட அயனித் திரவங்களைப் பற்றி (சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்புகள் இவை) எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆவியாகாது, ஆகவே பசுமை என்ற வாதம் ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் கேட்டது. ஆவியாகாத பொருள் தண்ணீரில் போகும். இமிடசோலியம் உப்புகள் பலவும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, எளிதில் சிதைவதும் இல்லை. ஹெக்சாஃப்ளோரோஃபாஸ்பேட் அயனி நீர் பட்டுச் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடே வரும். அயனித் திரவத்தைத் தயாரிக்கவே பல படிகள் உண்டு. அந்தக் கழிவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைசியில் பொருளை அதிலிருந்து எடுக்க ஈதர் ஊற்றிப் பிரிப்பார்கள். மின்வேதியியலிலும் வேறு சில இடங்களிலும் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. சாதாரணக் கரிம வினைக்கு டொலுவீனின் பசுமை மாற்றாக அதை நான் ஏற்பதில்லை.

மைக்ரோவேவ் வினையைச் சீக்கிரம் முடிக்கும், அது உண்மை. நாள் முழுக்க ரிஃப்ளக்ஸ் ஓட வேண்டியது பத்து நிமிடத்தில் முடியலாம். அதற்குப் பெரும்பாலும் காரணம் மூடிய குழாயில் கரைப்பானின் கொதிநிலைக்கு மேலே சூடாக்குவதுதான். மின்சாரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரைதான் நுண்ணலையாக மாறுகிறது, சிறிய அளவில் ஆற்றல் மிச்சம் என்ற பேச்சுக்குப் பலம் குறைவு. பல நிலைமைகளைச் சீக்கிரம் சோதித்துப் பார்க்க அருமையான கருவி என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மீஉய்ய நிலைக் (வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலை) கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரி, 73 வளிமண்டல அழுத்தம் போதும். இங்கிலாந்தின் கான்செட் ஊரில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தாரின் உழைப்பில் 2002-ல் அதைக் கொண்டு ஹைட்ரஜனேற்ற ஆலையே அமைத்தார்கள். வேதியியல் வென்றது. உயர் அழுத்தச் செலவு கட்டுபடியாகாமல் பிறகு நின்றுபோனது.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரொனால்டு பிரெஸ்லோவும் அவருடைய மாணவரும் 1980-ல் சைக்ளோபென்டாடையீனும் மீத்தைல் வினைல் கீட்டோனும் தண்ணீரில் எப்படி வினைபுரிகின்றன என்று பார்த்தார்கள். ஹைட்ரோகார்பன் கரைப்பானில் நடப்பதைவிட ஏறத்தாழ 700 மடங்கு வேகம். நீர் விரும்பாத இரண்டு மூலக்கூறுகளைத் தண்ணீர் ஒன்றாக நெருக்கிவிடுகிறது. பிறகு 2005-ல் ஷார்ப்லெஸ் குழு, கரையாமல் தண்ணீர்மேல் மிதக்கும் நிலையிலேயே சில வினைகள் வேகமாக நடப்பதைக் காட்டியது. சாண்டா பார்பராவில் புரூஸ் லிப்ஷட்ஸ் வைட்டமின் ஈ-யிலிருந்து ஒரு சோப்பு மூலக்கூறைச் செய்து, தண்ணீரில் உருவாகும் அதன் நுண்துளிகளுக்குள் சுசுகி இணைப்பு போன்றவற்றை அறை வெப்பநிலையிலேயே நடத்திக் காட்டினார். இவையெல்லாம் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தரும் வேதியியல். ஆனால் வினை முடிந்ததும் அந்தத் தண்ணீருக்கு என்ன ஆகிறது? கரிமப் பொருள் கரைந்த தண்ணீரை எரிக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. பொருளை வடிகட்டியே எடுத்து, அதே தண்ணீரை அடுத்த வினைக்கும் பயன்படுத்தினால் உண்மையான லாபம். 5 மி.லி. தண்ணீரில் வினை நடத்திவிட்டு 150 மி.லி. எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்தால், அந்த எத்தில் அசிட்டேட்டையும் கணக்கில் சேருங்கள்.

மருந்துக் கழிவுநீர் என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஹைதராபாத்தை ஒட்டிய படன்செருவில் பல மருந்து ஆலைகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அது வெளியே விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருப்பதாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்டார்கள். நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமான அளவு அது. சுத்திகரித்த பிறகே இந்த நிலை. எங்கள் துறை அந்த அறிக்கையை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

கரைப்பானே இல்லாமல் திண்மங்களை அரைத்து வினை நடத்துவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சித்த மருத்துவர்கள் கல்வத்தில் அரைத்ததைப்போல, உரல் குழவியே போதுமான வினைகள் உண்டு. 3,4-டைமெத்தாக்சிபென்சால்டிஹைடையும் 1-இண்டனோனையும் சோடியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்து அரைத்துப் பாருங்கள். இரண்டு திண்மமும் கண்ணெதிரே உருகி, வினை நடந்து, மறுபடி இறுகும். பெரிய அளவுக்குப் பந்து ஆலையும், தொடர்ந்து தள்ளி அரைக்கும் எக்ஸ்ட்ரூடரும் வந்துவிட்டன. 2019-ல் சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயூபேக் அறிவித்த பத்துப் புதுமைகளில் இந்த எக்ஸ்ட்ரூஷன் முறையும் ஒன்று.

வினைப்பொருட்களைப் பொறுத்தவரை ஒரே விதி பெரும்பாலும் போதும்: மோலுக்கு மோல் போடுவதை வினையூக்கியால் மாற்று. ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸில் அலுமினியம் குளோரைடு இடத்தில் பீட்டா சியோலைட்டை வைத்து, அனிசோலை அசிட்டிக் அன்ஹைட்ரைடால் அசிட்டைலேற்றும் முறையை ரோன்-பூலாங்க் நிறுவனம் ஆலை அளவில் ஓட்டியது. ஆக்சிஜனேற்றத்தில் பி.சி.சி., ஜோன்ஸ் கரைசல் என்ற குரோமியப் பொருட்கள் இரண்டையும் அறவே விடச் சொல்வேன். ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். மண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டையில் பார்க்கலாம். அங்கே மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. டெம்போ என்ற வினையூக்கியைச் சிறிதளவு போட்டு சோடியம் ஹைப்போகுளோரைட்டால் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கினால் மிஞ்சுவது உப்பும் தண்ணீரும்தான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னும் சுத்தம். ரியோஜி நொயோரியின் குழு 1998-ல் சைக்ளோஹெக்சீனை 30 சதவீதப் பெராக்சைடாலும் சோடியம் டங்ஸ்டேட்டாலும் நேராக அடிபிக் அமிலமாக்கியது. வழக்கமான நைட்ரிக் அமில முறை நைட்ரஸ் ஆக்சைடை வெளியேற்றும். அது கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்கும். இருந்தும் நைலான் ஆலைகள் நொயோரி முறைக்கு மாறவில்லை. ஒரு மோல் அடிபிக் அமிலத்துக்கு நான்கு மோல் பெராக்சைடு வேண்டும், விலை தாங்காது. பல ஆலைகள் நைட்ரஸ் ஆக்சைடைச் சிதைக்கும் அமைப்பைப் புகைபோக்கியில் பொருத்திக்கொண்டன. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் காரணம் புரிகிறது.

அமைடு பிணைப்பைப் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும். அமிலமும் அமைனும் சேரும்போது 18 கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். அதற்கு 380 கிராம் எடையுள்ள ஹாட்டு (HATU) என்ற இணைப்புப் பொருளைப் போடுகிறோம், கூடவே காரம். அமெரிக்க வேதியியல் கழகத்தைச் சேர்ந்த மருந்து நிறுவனங்களின் வட்டமேசை 2007-ல் தங்களுக்கு மிகவும் தேவையான புதுவழிகள் எவை என்று பட்டியலிட்டபோது, அணுச் சிக்கனமான அமைடு உருவாக்கமே முதலிடத்தில் வந்தது. போரிக் அமிலம், போரோனிக் அமிலங்கள், லிப்பேஸ் நொதிகள் எல்லாம் ஓரளவு வழிவிட்டிருக்கின்றன. எல்லா அமைன்களுக்கும் பொருந்தும் ஒன்று இன்னும் வரவில்லை. ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நொதிகள் இந்தத் துறையை மாற்றியதுபோல வேறெதுவும் மாற்றவில்லை. பென்சிலின் ஜி-யிலிருந்து, மற்ற பென்சிலின்களுக்கு அடிப்படையான 6-ஏ.பி.ஏ.வை எடுக்க, ஒரு காலத்தில் டி.சி.எம்.மில், ஈரமே படாமல், மைனஸ் 40 டிகிரியில், சிலைல் குளோரைடும் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடும் போட்டார்கள். பீட்டா-லாக்டம் வளையம் உடையாமல் பக்கத்து அமைடை மட்டும் வெட்ட அவ்வளவு பாடு. பென்சிலின் அசைலேஸ் என்ற நொதி அதே வெட்டைத் தண்ணீரில், உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் செய்கிறது. நொதியைப் பிசினில் நிலைநிறுத்திவிட்டால் திரும்பத் திரும்பப் பயன்படும். வெளியேறும் ஃபீனைல் அசிட்டிக் அமிலத்தைக்கூடப் பென்சிலின் நொதிக்கலனுக்கே திருப்பி அனுப்பலாம்.

சர்க்கரை நோய்க்கான சிடாக்ளிப்டின் இன்னும் சுவையானது. மெர்க்கின் ரோடியம் ஹைட்ரஜனேற்ற முறைக்கு 2006-ல் பசுமை விருது கிடைத்தது. நான்கே ஆண்டில், 2010-ல், அதே மருந்துக்கு மெர்க்கும் கோடெக்சிஸும் சேர்ந்து செய்த நொதிமுறை விருதைத் தட்டிச் சென்றது. தொடக்கத்தில் இருந்த டிரான்ஸமினேஸ் அந்தக் கீட்டோனைத் தொடக்கூட இல்லை. அதன் செயலிடத்தை அகலப்படுத்தி, திரும்பத் திரும்ப மாற்றித் தேர்ந்தெடுத்து, 27 அமினோ அமிலங்களை மாற்றிய பிறகு, 99.95 சதவீதம் ஒரே எதிருரு (கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் இரண்டில் ஒன்று) கிடைத்தது. உயர் அழுத்தக் கலனும் ரோடியமும் போயின. மொத்தக் கழிவு 19 சதவீதம் குறைந்தது. இப்படி நொதியைப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் வழியை உருவாக்கியதற்குத்தான் ஃபிரான்சஸ் ஆர்னால்டுக்கு 2018-ல் நோபல் கிடைத்தது. அந்த வினையில்கூடக் கரைப்பானில் பாதி டி.எம்.எஸ்.ஓ. என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் ப்ராஜெக்ட். வழிகாட்டியிடம் போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று கேட்காதீர்கள், நடக்காது. ஒரே ஒரு வினையை எடுத்து, உள்ளே போகும் ஒவ்வொன்றையும் தண்ணீர், சிலிக்கா உட்பட எடை போட்டு எழுதுங்கள். ஆய்வேட்டில் விளைச்சலுக்குப் பக்கத்தில் பி.எம்.ஐ.க்கு ஒரு பத்தி வையுங்கள். பிறகு எது பெரிய எண்ணோ அதை மட்டும் தொடுங்கள். என் அனுபவத்தில் அது ஏறக்குறைய எப்போதும் காலமாகத்தான் இருக்கும். பொருள் திண்மமாக இருந்தால் எத்தனால்-தண்ணீரில் படிகமாக்கிப் பாருங்கள். விளைச்சல் 92-லிருந்து 80-க்கு இறங்கினாலும், கழிவு 550 கிராமிலிருந்து நூறுக்குக் கீழே வரக்கூடும். அந்த ஒப்பீட்டையே ஒரு அத்தியாயமாக எழுதலாம்.

கல்லூரி ஆய்வகங்களில் 'பசுமை மாற்று' என்று புழங்கும் சோதனைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பென்சாயின் வினைக்குச் சயனைடுக்குப் பதில் தயமின், அதாவது வைட்டமின் பி1, போடுவது எல்லா வகையிலும் முன்னேற்றம். நீரில் 700 மடங்கு வேகம் கண்ட அதே பிரெஸ்லோதான் 1958-ல் தயமின் எப்படிச் சயனைடின் வேலையைச் செய்கிறது என்பதையும் விளக்கினார். அசிட்டனிலைடை புரோமினேற்ற, புரோமினுக்குப் பதில் பொட்டாசியம் புரோமைடும் செரிக் அமோனியம் நைட்ரேட்டும் போடும் முறையைப் பாருங்கள். புரோமின் பாட்டிலைத் திறக்க வேண்டாம், மாணவர் கைக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் ஒரு மோல் பொருளுக்கு இரண்டு மோல் சீரியம் உப்பு, 214 கிராமுக்கு 1,096 கிராம். சோடியம் புரோமைடும் வீட்டு பிளீச்சிங் திரவமும் அசிட்டிக் அமிலமும் சேர்த்தால் அதே பாதுகாப்பு கிடைக்கும், மிஞ்சுவது பெரும்பாலும் சாதாரண உப்பு. இந்த மூன்று முறைகளையும் அருகருகே செய்து, எடையும் ஆபத்தும் ஒப்பிட்டால் நல்ல ப்ராஜெக்ட் ஆகிவிடும். கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பல்லேடியம் வினை செய்வதானால் பொருளில் எவ்வளவு உலோகம் தங்குகிறது என்று அளக்க வழி பாருங்கள். வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதி இல்லை. கால்சதவீதம் போதும் என்ற இடத்தில் ஐந்து சதவீதம் போடும் பழக்கத்தையும் அப்போதே சோதித்துவிடலாம்.

கடைசியாக, உடனே செய்யக்கூடியது ஒன்று. கழிவு மேசையில் ஹாலஜன் உள்ள கரைப்பானுக்கு ஒரு கேன், இல்லாததற்கு ஒரு கேன் என்று பிரித்து வைத்து, பெயர் எழுதி ஒட்டுங்கள். எத்தில் அசிட்டேட்டையும் ஹெப்டேனையும் எரிபொருளாகப் பயன்படுத்தவோ காய்ச்சி மீட்கவோ வாய்ப்பு உண்டு. அதில் கொஞ்சம் டி.சி.எம். கலந்துவிட்டால், எரிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடும், வெப்பம் போதாவிட்டால் டயாக்சின்களும் வரும். அப்புறம் அந்தக் கேன் முழுவதையும் ஹாலஜன் கழிவாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.